ஆறில்லாத நாடு: குவைத் செல்வோர் அறிந்து செல்ல வேண்டியவை

சென்ற மாதம் ஒரு நாள் பாடசாலை விட்ட பிறகு, ஐந்தாம் தரத்தில் படிக்கும் மாணவன் ஒருவனின் தாய் என்னைச் சந்திக்க வந்திருந்தார். கெலிஓயாப் பக்கத்தைச் சேர்ந்தவர். கையில் ஒரு கோப்பு.

"குவைத்துக்குப் போகப் போறன் டீச்சர். விசா வந்திட்டுது. மகன்ட புலமைப்பரிசில் சோதனை முடியுற வரைக்கும் அவனைக் கொஞ்சம் பாத்துக் கொள்ளுங்கோ" என்றார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்றைக் கேட்டார். "நீங்க போய் வந்தவங்க தானே. அது எப்பிடியான இடம்?"

"சரியான சூடு. ரோட்டெல்லாம் பெரிசு. ஆக்கள் நல்லம்" என்று சொல்லி அனுப்பி வைத்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் பேராதனைப் பாலத்தில் பஸ் நின்றபோது எனக்கே வெட்கமாக இருந்தது. இருபது வருடங்களாகப் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். என்னுடைய உம்மா குவைத்தில் நான்கு வருடங்கள் பணிப்பெண்ணாக இருந்தவர். என் கணவர் அங்கு கணக்கு வேலை பார்த்த காலத்தில், 2018 டிசம்பர் விடுமுறையில், நானும் ஒரு மாதம் தங்கி வந்தேன். அப்படிப்பட்ட நானே மூன்று வசனங்களில் ஒரு நாட்டை முடித்துவிட்டால், அந்தத் தாய் வேறு யாரிடம் கேட்பார்? முகவரிடமா?

எமது ஊர்களில் குவைத் என்பது ஒரு நாட்டின் பெயராக இல்லாமல், மாதாமாதம் வரும் பணத்தின் பெயராகவே ஆகிவிட்டது. வேலைக்கோ, குடும்பத்தைப் பார்க்கவோ, சுற்றிப் பார்க்கவோ அங்கு செல்லும் எவரும் அந்த மண்ணைப் பற்றிச் சிறிதளவாவது அறிந்து செல்வது அவசியம். அறிந்து செல்பவரை ஏமாற்றுவது கடினம். அன்று அந்தத் தாய்க்கு நான் சொல்லத் தவறியதை இங்கே எழுதுகிறேன்.

எங்கே இருக்கிறது?

பாரசீக வளைகுடாவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது குவைத். வடக்கிலும் மேற்கிலும் ஈராக், தெற்கில் சவூதி அரேபியா, கிழக்கில் கடல். பரப்பளவு 17,818 சதுர கிலோமீற்றர். இலங்கையின் பரப்பளவு 65,610 சதுர கிலோமீற்றர் என்பதால், எமது நாட்டின் கால் பங்கை விடச் சற்றே பெரியது என்று வைத்துக் கொள்ளலாம். மலை கிடையாது. கண்டி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். எந்தப் பக்கம் பார்த்தாலும் பார்வையைத் தடுக்க ஒன்றுமில்லை.

சனத்தொகை ஏறத்தாழ 50 இலட்சம். அதில் குவைத் பிரஜைகள் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. வீதியில் காணும் மூவரில் இருவர் இந்தியா, எகிப்து, பங்களாதேஷ், பிலிப்பைன்ஸ், இலங்கை என்று எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள்.

கொழும்பிலிருந்து நேரடி விமானத்தில் சுமார் ஐந்து மணித்தியாலப் பயணம். எமது நேரத்தை விட இரண்டரை மணித்தியாலம் பின்தங்கியது. இங்கு இஷாத் தொழுது முடித்து நீங்கள் தொலைபேசி எடுக்கும்போது, அங்கு உங்கள் மகள் இன்னும் வேலையில் நிற்பாள். இதை வீட்டில் இருப்பவர்களும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஆறு இல்லை, ஏரி இல்லை

பேராதனையில் வருடத்துக்கு 2,000 மில்லிமீற்றரை அண்மித்த மழை பெய்கிறது. குவைத்தில் பெய்வது 110 மில்லிமீற்றர் அளவில்தான். அந்த நாட்டில் ஓர் ஆறு கூட இல்லை. மகாவலிக் கரையில் வாழும் எமக்கு இதைக் கற்பனை செய்வதே சிரமம்.

எண்ணெய்க்கு முன்னர் குவைத் மக்கள் ஷத்துல் அரப் ஆற்றிலிருந்து மரக்கலங்களில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அதைத் தோல் பைகளில் நிரப்பி வீடு வீடாக விற்றார்கள். கடல் நீரைக் காய்ச்சி வடித்துக் குடிநீராக்கும் பெரிய நிலையங்கள் 1950களில்தான் வந்தன. இன்று அந்த நாட்டின் குடிநீரில் மிகப் பெரும் பகுதி கடலிலிருந்தே வருகிறது.

அஞ்சல் அட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் காணும் நீலப் பந்து பொருத்திய குவைத் கோபுரங்கள் அழகுக்காக மட்டும் கட்டப்பட்டவை என்றே நான் நினைத்திருந்தேன். நேரில் பார்த்தபோதுதான் அவை தண்ணீர்த் தாங்கிகள் என்று தெரிந்தது. 1979 இல் திறக்கப்பட்ட மூன்று கோபுரங்களில் இரண்டில் தண்ணீர் சேமிக்கப்படுகிறது. உயரமானது 187 மீற்றர். ஒரு நாடு தன் அடையாளச் சின்னமாகத் தண்ணீர்த் தாங்கியை வைத்திருக்கிறது என்றால், அந்த மக்கள் எதற்குப் பயந்து வாழ்ந்தார்கள் என்பது விளங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாத்தளை மாவட்டத்தின் லக்கல பகுதியில் கட்டப்பட்ட களு கங்கை நீர்த்தேக்கத்துக்குக் கடன் வழங்கியவற்றில் குவைத் நிதியமும் ஒன்று. ஆறில்லாத நாடு எமது ஆற்றை மறித்து அணை கட்டக் கடன் கொடுத்திருக்கிறது. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கட்டடங்களிலும் அந்த நிதியத்தின் பங்கு உண்டு.

முத்திலிருந்து எண்ணெய்க்கு

'கூத்' என்றால் சிறு கோட்டை. அதிலிருந்து வந்ததே குவைத் என்ற பெயர். 18ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய குலத்தவர்களுள் சபாஹ் குடும்பத்தினர் தலைமைக்குத் தெரிவாகினர். இன்றுவரை அமீர்கள் அந்தக் குடும்பத்திலிருந்தே வருகிறார்கள். 1899 இல் பிரித்தானியாவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்த குவைத், 1961 ஜூன் 19 இல் சுதந்திரம் பெற்றது.

அதற்கு முன் அவர்களது வாழ்வு கடலில்தான். கோடையில் முத்துக் குளித்தார்கள். மற்றக் காலத்தில் மரக்கலங்களில் இந்தியாவுக்கும் கிழக்கு ஆபிரிக்காவுக்கும் வியாபாரம் செய்தார்கள். பிரித்தானியர் காலத்தில் எமது மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடந்தபோது, வளைகுடாப் பக்கத்து அரபுச் சுழியோடிகளும் வந்து குளித்துச் சென்றிருக்கிறார்கள். அன்று வேலை தேடி அவர்கள் இங்கு வந்தார்கள். இன்று நாம் அங்கு போகிறோம். 1961 வரை குவைத்தில் புழங்கியது இந்திய நாணயமான ரூபாய் என்பதும் பலருக்குத் தெரியாது.

ஜப்பானியர் முத்தை வளர்த்து எடுக்கப் பழகியதும் 1930களில் முத்து வியாபாரம் விழுந்தது. அதே தசாப்தத்தில், 1938 இல், புர்கான் என்ற இடத்தில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. உலகப் போர் காரணமாக ஏற்றுமதி 1946 இல்தான் தொடங்கியது. புர்கான் இன்றும் உலகின் மிகப் பெரிய எண்ணெய் வயல்களில் ஒன்று.

இந்த இடத்தில் எமது சமூகம் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. பணம் வரத் தொடங்கிய சில வருடங்களிலேயே, 1953 இல், அதை முதலீடு செய்ய குவைத் ஒரு சபையை லண்டனில் அமைத்தது. 1976 இல் எதிர்காலச் சந்ததியினருக்கான நிதியம் ஒன்றை ஏற்படுத்தி, அரச வருமானத்தில் பத்து வீதத்தை ஒதுக்கி வந்தது. எண்ணெய் ஒரு நாள் தீரும் என்பதை அவர்கள் அன்றே யோசித்தார்கள். எமது வீடுகளுக்கு வரும் குவைத் பணமும் ஒரு நாள் நிற்கும். அதில் எத்தனை வீதம் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கப்படுகிறது, எத்தனை வீதம் கலியாணச் சாப்பாட்டிலும் வீட்டுக்கு மேல் வீடு கட்டுவதிலும் கரைகிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் கணக்குப் பார்க்க வேண்டும்.

1990 ஆகஸ்ட்

உம்மா 1986 இல் போனார். அவர் அனுப்பும் கடிதங்களில் "மாமா நல்லவ" என்று எழுதுவார். எந்த மாமா அங்கு போனார் என்று நான் குழம்பியிருக்கிறேன். பணிப்பெண்கள் வீட்டு எஜமானியை 'மாமா' என்றும் எஜமானரை 'பாபா' என்றும் அழைப்பது பின்னர்தான் விளங்கியது.

1990 ஆகஸ்ட் 2 ஆம் திகதி ஈராக் இராணுவம் குவைத்துக்குள் புகுந்தது. எனக்குப் பத்து வயது. அப்போது அங்கு சுமார் ஒரு இலட்சம் இலங்கையர் இருந்தார்கள். கோடை விடுமுறை என்பதால் உம்மாவின் வீட்டுக்காரர் வெளிநாட்டுக்குப் போயிருந்தார்கள். உம்மாவும் இன்னொரு பிலிப்பைன்ஸ் பெண்ணும் மட்டும் அந்தப் பெரிய வீட்டில். இருவரின் கடவுச்சீட்டுகளும் எஜமானரின் அறையில், பூட்டிய இரும்புப் பெட்டிக்குள்.

கடிதம் நின்றது. வாப்பா ஒவ்வொரு இரவும் தமிழோசைச் செய்தியைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் வானொலியை நிறுத்துவார். உம்மா மற்ற இலங்கைப் பெண்களோடு பஸ்ஸில் பக்தாத் வழியாக ஜோர்தான் எல்லைக்குப் போய்ச் சேர்ந்தார். கடவுச்சீட்டு இல்லாததால் தான் யார் என்பதை நிரூபிக்கவே நாட்கள் சென்றன. பாலைவனத்தில் கூடாரங்களில் இருந்துவிட்டு, அம்மானிலிருந்து விமானத்தில் ஏற்றப்பட்டு, ஒக்டோபரில் ஒரு துணிப் பையோடு வீட்டுக்கு வந்தார். அல்ஹம்துலில்லாஹ், வந்தார்.

1991 பெப்ரவரி 26 இல் குவைத் விடுவிக்கப்பட்டது. பின்வாங்கிய படை 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது. கடைசிக் கிணறு அணைந்தது அவ்வருடம் நவம்பரில். பாதிக்கப்பட்டோருக்கு ஐக்கிய நாடுகள் சபை ஜெனீவாவில் நட்டஈட்டு ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. இலங்கைப் பணிப்பெண்களுக்கும் அதில் பணம் கிடைத்தது. உம்மாவுக்குக் கிடைத்த தொகையில்தான் எனது உயர்தர வகுப்புச் செலவுகள் நடந்தன. ஈராக் தனது கடைசித் தவணையை 2022 இல்தான் கட்டி முடித்தது.

பெப்ரவரி 25 தேசிய தினம், 26 விடுதலை தினம். அந்த நாட்களில் அங்கு இருப்பவர்கள் கொடிகளையும் கொண்டாட்டத்தையும் காண்பார்கள். அதற்குள் ஒரு துயரமும் இருக்கிறது என்பதை அறிந்திருந்தால், அந்த மக்களோடு பேசும் பேச்சும் வேறாக இருக்கும்.

வெயிலும் குளிரும்

2016 ஜூலை 21 அன்று குவைத்தின் மித்ரிபாஹ் என்ற இடத்தில் 53.9 பாகை செல்சியஸ் பதிவானது. ஆசியாவில் உறுதிப்படுத்தப்பட்ட ஆகக் கூடிய வெப்பநிலை அதுதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 45 பாகைக்கு மேல் செல்வது சாதாரணம். அந்த மூன்று மாதங்களிலும் முற்பகல் 11 முதல் மாலை 4 மணி வரை வெளியில் வேலை செய்விப்பதற்குத் தடை உண்டு. கட்டட வேலைக்குச் செல்லும் எமது இளைஞர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

குளிர் இல்லை என்று நினைத்துச் செல்வதும் தவறு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் நுவரெலியாக் குளிர். நான் கம்பளிச் சட்டை எடுத்துச் செல்லாமல் முதல் வாரம் தடுமலோடு கிடந்தேன். சுற்றிப் பார்க்கச் செல்பவர்கள் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் செல்வது நல்லது.

பணம், பாதை, பேச்சு

ஒரு தினார் மூன்று அமெரிக்க டொலருக்கும் அதிகம். ஒரு தினாருக்கு 1,000 பில்ஸ். எனவே விலைகளில் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள் வரும். 1.250 என்றால் ஒன்றேகால் தினார். வந்த புதிதில் இதில் தடுமாறாதவர் குறைவு.

வாகனங்கள் வலது பக்கமாக ஓடும். எம்மைப் போல் வலப்பக்கம் பார்த்துவிட்டு வீதியில் இறங்கினால் ஆபத்து. முதலில் இடப்பக்கம் பார்க்கப் பழக வேண்டும்.

குர்ஆன் ஓதத் தெரிந்ததால் அரபு பேசிவிடலாம் என்று எண்ண வேண்டாம். 'மாஉ' என்று நாம் ஓதும் தண்ணீர் அங்கு 'மாய்'. நலம் விசாரிக்கும்போது ஆணிடம் 'ஷ்லோனக்', பெண்ணிடம் 'ஷ்லோனிச்' என்பார்கள். 'ஸைன்' என்றால் நல்லது. 'தஆல்' என்றால் வா. இந்த நான்கு சொற்களோடு இறங்கினாலே முதல் வாரம் இலகுவாகும்.

வெள்ளியும் சனியும் விடுமுறை. மதுபானம் முற்றாகத் தடை. ரமழான் பகலில் பொது இடத்தில் உண்பதும் பருகுவதும் தண்டனைக்குரிய குற்றம். நாம் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். அங்கு மாலிகி மத்ஹப் செல்வாக்குப் பெற்றது, ஷீஆ முஸ்லிம்களும் கணிசமாக வாழ்கிறார்கள். தொழுகையில் சிறு வேறுபாடுகளைக் கண்டால் அதைச் சர்ச்சையாக்க வேண்டியதில்லை. பெண்களையோ அரச, இராணுவக் கட்டடங்களையோ படம் பிடிக்க வேண்டாம். அமீரை விமர்சித்துச் சமூக ஊடகங்களில் எழுதுவது சிறைக்குக் கொண்டு செல்லும். எவர் தந்தாலும், உள்ளே என்ன என்று தெரியாத பொதியை எடுத்துச் செல்லக் கூடாது. போதைப்பொருள் பிடிபட்டால் தண்டனை மிகக் கடுமையானது. மருந்து கொண்டு செல்பவர்கள் வைத்தியரின் சிட்டையும் வைத்திருக்க வேண்டும்.

ஓய்வு கிடைத்தால் முபாரகிய்யா சந்தைக்குப் போய் வாருங்கள். ஈத்தம்பழமும் வாசனைத் திரவியமும் மச்பூஸ் சோறும் ஒரே இடத்தில் கிடைக்கும். மச்பூஸ் எமது புரியாணிக்குச் சொந்தக்காரன் என்று சொல்லலாம். 1986 இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசலும் நேரில் பார்க்க வேண்டிய ஒன்று.

சட்டம் தரும் உரிமை

வேலைக்குச் செல்பவர்கள் தமது விசாவின் வகையை முதலில் அறிய வேண்டும். தனியார் நிறுவன வேலைக்கு 18 ஆம் பிரிவு, வீட்டு வேலைக்கு 20 ஆம் பிரிவு. இரண்டுக்கும் சட்டம் வேறு. கடையில் வேலை என்று சொல்லி 20 ஆம் பிரிவில் அனுப்பினால், அங்கு நீங்கள் சட்டப்படி வீட்டுப் பணியாளர்தான். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது குற்றம்.

வீட்டுப் பணியாளர்களுக்கென 2015 இல் 68 ஆம் இலக்கச் சட்டம் கொண்டு வரப்பட்டது. நாளொன்றுக்கு வேலை 12 மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது. இடையில் ஓய்வு வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. வருடாந்தச் சம்பள விடுமுறை. ஒப்பந்தம் முடிந்து திரும்பும்போது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை. ஆகக் குறைந்த சம்பளம் 60 தினார் என 2016 இல் நிர்ணயிக்கப்பட்டது. பணியாளரின் சம்மதமின்றிக் கடவுச்சீட்டை எஜமானர் வைத்திருக்க முடியாது.

அந்தக் கடைசி விதியை வாசித்தபோது நான் உம்மாவின் இரும்புப் பெட்டியைத்தான் நினைத்தேன். சட்டம் இருக்கிறது என்பதற்காக எல்லா வீட்டிலும் அது நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சட்டம் இருப்பது தெரியாதவர் அதைக் கேட்கவே மாட்டார். "சும்மா ஒரு கையெழுத்து" என்று அரபுக் கடதாசி நீட்டப்பட்டால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பேனையை எடுங்கள்.

புறப்படும் முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கட்டாயம் பதிவு செய்யுங்கள். பதிவோடு காப்புறுதியும் வருகிறது. பணியகத்தின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1989. கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் மூன்றினதும் பிரதிகள் வீட்டில் ஒன்றும் கைத்தொலைபேசியில் ஒன்றுமாக இருக்க வேண்டும். அங்கு போனதும் 'பத்தாக்கா' என்று எம்மவர் சொல்லும் சிவில் அடையாள அட்டையைப் பெற்று அதையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். பிரச்சினை வந்தால், தெரியாத ஒருவரின் பேச்சைக் கேட்டு வீட்டை விட்டு ஓடி ஒளிய வேண்டாம். தலைமறைவானவர் என்று முறைப்பாடு விழுந்தால் உங்கள் பக்க நியாயம் அடிபட்டுப் போகும். நேராக இலங்கைத் தூதரகத்துக்குச் செல்லுங்கள்.

அந்தக் கோப்பு

இதையெல்லாம் யோசித்துவிட்டு மறுநாளே அந்தத் தாயை அழைத்து, அவரது கோப்பைத் திறந்து பார்த்தேன். கடவுச்சீட்டு இருந்தது. மருத்துவச் சான்றிதழ் இருந்தது. விசாவில் 20 ஆம் பிரிவு. ஒப்பந்தம் மட்டும் இல்லை. "எயார்போட்ல வச்சுத் தருவாங்களாம்" என்றார். விமானத்துக்கு அழைப்பு விடுக்கும் நேரத்தில் கையில் தரப்படும் கடதாசியை யார் வாசிப்பார்? முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள், வாசித்த பிறகு திகதி குறிக்கலாம் என்றேன். இரண்டு தடவை முகவரிடம் நடந்த பிறகு பிரதி கிடைத்தது. சொன்ன சம்பளமும் எழுதிய சம்பளமும் ஒன்றாக இருக்கவில்லை. இப்போது அதைத் திருத்தித் தரும் வரை பயணத்தைப் பிற்போட்டிருக்கிறார்.

அவர் போவாரா, மாட்டாரா என்பது அவருடைய முடிவு. அவருடைய வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும். போக வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. உம்மா போயிருக்காவிட்டால் நான் ஆசிரியர் கலாசாலை வாசலை மிதித்திருக்க மாட்டேன்.

உங்கள் வீட்டிலிருந்தோ அயலிலிருந்தோ யாராவது புறப்படுவதாக இருந்தால், பெட்டி கட்டும் முன் ஒரு மாலை அவரோடு உட்காருங்கள். பிள்ளையின் தேசப்படப் புத்தகத்தை எடுத்துக் குவைத் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். அவரது கோப்பை நீங்களும் ஒரு முறை திறந்து பாருங்கள். போகிறவர்கள் நலமாகப் போய் நலமாகத் திரும்ப அல்லாஹ் அருள் புரிவானாக.